தளிகைத் துணியும் டேம் மீனும்

கச்சிராயபாளையத்தில் எந்த வீட்டுத் துணியில் எது சிந்தினாலும், அது கடைசியில் சாலம்மாளின் துவைக்கிற கல்லுக்குத்தான் வந்து சேரும். தலையணை உறையில் டீ, கட்டில் விரிப்பில் குழம்பு, பட்டுப் பாவாடையில் ஐஸ்கிரீம், புது மாப்பிள்ளை வேட்டியில் வாழைக்கறை, எதுவானாலும் சரி. கூலி என்று அவள் கை நீட்டுவதில்லை. ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தாள். கறை எப்படிப் பட்டது என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். சொல்லாதவர்கள் துணியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம்.

"முட்டைன்னா பச்சத்தண்ணி. டீன்னா சுடுதண்ணி. எண்ணென்னா அரிசி மாவு. நீ பாட்டுக்கு ரசம்னு பொய் சொல்லிட்டுப் போயிடுவ, நான் சுடுதண்ணிய ஊத்தி முட்டைய வேவ வெச்சிகினு ஒக்காந்திருக்கணுமா? உள்ளதச் சொல்லு, இல்லாங்காட்டி எடுத்துகினு போ."

நியாயமான காரணம்தான். ஆனால் பாதிக் காரணம். மீதிப் பாதி, அடுத்த வீட்டுச் சங்கதியைக் கேட்பதில் அவளுக்கு இருந்த ருசி. ஒருத்தன் மெத்தை விரிப்பைக் கொண்டுவந்து, "பீட்ரூட் பொரியல் கொட்டிடுச்சிக்கா" என்றான். சாலம்மாள் விரிப்பை மூக்கருகே கொண்டுபோனாள். "பீட்ரூட்ட எப்பலேருந்துடா பாட்டில்ல அடைச்சி விக்கிறாங்க?" என்றாள். அவன் அன்றைக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போனான். கறை போயிற்று. அவன் பெண்டாட்டிக்கு இன்று வரை அது பீட்ரூட்தான்.

சாலம்மாள் பிறந்தது மூங்கில்துறைப்பட்டில். அப்பன் ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டியவன். பள்ளிக்கூடத்து வாசலில் அவள் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. இருபத்திரண்டு வயதில் கல்யாணச் சமையல்காரர் காசிநாதனுக்கு வாக்கப்பட்டு இந்த ஊருக்கு வந்தாள். "மனுசன் நல்லவனா கெட்டவனான்னு கேக்காத. நல்ல சமையல்காரன்" என்பாள். அவர் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தால், என்ன சாப்பாடு போட்டார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. வேட்டியைப் பிரித்தால் போதும். மொத்தப் பந்தியும் அதில் இருக்கும்.

வந்த புதிதில் அவளுக்கும் ஒன்றும் தெரியாது. கல்யாணமான முதல் வாரம், காசிநாதன் ஒரு வளைகாப்பில் சமைத்துவிட்டு வந்து, கட்டிய வேட்டியோடு புது விரிப்பில் விழுந்து தூங்கினார். விரிப்பு முழுக்கச் சாம்பார். சாலம்மாள் விடிந்ததும் சோப்பைப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தாள். மஞ்சளுக்குச் சோப்பு ஆகாது. பட்ட இடம் செக்கச்செவேல் என்று சிவந்துவிடும். சிவந்த விரிப்பை அப்படியே கொடியில் போட்டாள். மாமியார் வந்து பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், உள்ளே போய்க் கேசரி கிண்டித் தெருவுக்கெல்லாம் கொடுத்தாள். எதற்கு என்று தெரியாமலே சாலம்மாளும் இரண்டு தரம் வாங்கித் தின்றாள். விஷயம் புரிந்தபோது கேசரி செரித்திருந்தது. அன்றிலிருந்து மஞ்சள் கறையைக் கண்டால் அவள் சோப்பை எடுத்துப் பரணில் வைத்துவிடுவாள்.

காசிநாதன் ஒரு காதுகுத்து வீட்டில், வடைச் சட்டிக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். கடைசியாகக் கட்டியிருந்த வேட்டியில் எண்ணெய் தெறித்திருந்தது. கருமாதி முடிந்ததும் சாலம்மாள் அதையும் வெளுத்துத் தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டாள். "நல்ல வேட்டி. வச்சி அழுதா கிழிஞ்சிடும், கட்டுனா ஒழைக்கும்" என்றாள். பிள்ளைகள் இல்லை. கல்லும் தண்ணித்தொட்டியும் கொடியும் இருந்தன. ஊர் சிந்திக்கொண்டே இருந்தது.

அவள் பக்கத்து வீட்டுக்காரன் செல்லமுத்து. கரும்பு போடுகிறவன். நல்ல உழைப்பாளி. கோமுகி அணை மீன் என்றால் மட்டும் அவனுக்கு மதி வேலை செய்யாது. அணைக்கரையில் வண்டிக் கடைக்காரன் சட்டியை அடுப்பில் வைத்தால், வரப்பில் நிற்கிற செல்லமுத்துவின் மூக்கு இங்கே துடிக்கும் என்று அவன் பெண்டாட்டி அம்சவள்ளியே சொல்வாள்.

அந்தச் செல்லமுத்துவுக்கு இந்தப் புரட்டாசியில் ஒரு பெரிய பெருமை வந்து சேர்ந்தது. தளிகை. மூன்றாம் சனிக்கிழமை பங்காளிகள் எல்லாரும் ஒரே வீட்டில் கூடி, வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் இலை போட்டு, சாமைப் பொங்கலும் புளிச்சோறும் சுண்டலும் குவித்துப் பெருமாளுக்குப் படைப்பார்கள். அப்பன் செத்ததிலிருந்து அது அண்ணன் பகலவன் வீட்டில்தான் நடந்துவந்தது. செல்லமுத்து வருடாவருடம் கேட்டுக் கேட்டு, இந்த முறைதான் பகலவன் இறங்கிவந்தார். அதுவும் சும்மா இல்லை.

"மாசம் பூரா வூட்டுல கவிச்சி பேச்சே எடுக்கக் கூடாது. ஒரு துளி பட்டுச்சின்னு தெரிஞ்சா, அப்பறம் எந்த வருசமும் தளிகை ஒன் வாசப்படிக்கி வராது. பங்காளிங்க முன்னாடி சொல்லிட்டேன்."

செல்லமுத்து தலையாட்டினான். அம்சவள்ளி வீட்டுக்கு வெள்ளையடித்தாள், மீன் சட்டியைக் கூரையில் கவிழ்த்தாள், தெருவில் நடக்கும்போது கழுத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டாள்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பொங்கலுக்குச் சாமை மலையிலிருந்துதான் வர வேண்டும். தளிகை போடுகிறவன் தானே மலையேறிப் போய், படையலுக்கு விரிக்கிற அதே வெள்ளைத் துணியில் முடிந்து, தரையில் வைக்காமல் தோளில் போட்டுக்கொண்டு வர வேண்டும். அம்சவள்ளியின் மாமியார் காலத்துத் துணி. கெட்டி நூல், பூங்கரை. புதன்கிழமை செல்லமுத்து விடியலில் வண்டியை எடுத்துக்கொண்டு கரியாலூருக்குக் கிளம்பினான். அங்கே மாதன் என்பவருடைய காட்டில்தான் எப்போதும் சாமை வாங்குவார்கள். உச்சிவெயிலுக்குத் திரும்பிவிட்டான்.

சாலம்மாள் அப்போது தன் மதிலோரம் யாருடைய மேசை விரிப்பையோ அலசிக்கொண்டிருந்தாள். மதில் இடுப்புயரம்தான். கேட்க வேண்டாம் என்று நினைத்தாலும் கேட்கும். அவள் அப்படி நினைத்ததில்லை.

அம்சவள்ளி மூட்டையை அவிழ்த்துச் சாமையைப் புதுப் பானையில் கொட்டினாள். துணியை உதறினாள். உதறியவள் நின்றாள்.

"யோவ், இன்னாயா இது?"

"எது?"

"இதுதான்யா. மஞ்ச மஞ்சளா, மூணு வெரலு இஸ்துவுட்ட மாரி."

"அதுவா..." செல்லமுத்து செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானான். "மாதன் வூட்டுல சாமைக்கி மஞ்சத்தண்ணி தெளிச்சாங்க. மலையில அதான் வழக்கமாம்."

"போன வருசம் தெளிக்கல?"

"இந்த வருசம் மழ ஜாஸ்தி."

மழைக்கும் மஞ்சளுக்கும் என்ன சம்பந்தம் என்று அம்சவள்ளி கேட்கவில்லை. நேராகத் தொட்டியடிக்குப் போய் நீலச் சோப்பை எடுத்தாள். காற்று மதிலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. சாலம்மாளின் மூக்கு ஒரு தரம் சுருங்கி விரிந்தது. மஞ்சள் இருந்தது. புளி இருந்தது. அதற்கும் அடியில், மலையில் எந்த மரத்திலும் காய்க்காத வாசனை ஒன்று இருந்தது.

சோப்பை வைக்காதே என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கக்கூடத் திறந்தாள். பிறகு, என்ன ஆகிறது பார்ப்போமே என்று மூடிக்கொண்டாள்.

அம்சவள்ளி இரண்டு தேய்ப்புத்தான் தேய்த்தாள். நடுவிரல் இழுத்த கோட்டில்தான் குழம்பு அதிகம். அது சிவந்தது, செங்குத்தாக, குங்குமத்தைக் கரைத்து இழுத்த மாதிரி. இரண்டு பக்கமும் சோப்பு நுரை வெள்ளையாக நின்றது. வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த பழனியம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். செல்லமுத்துவின் அத்தை. கண் மங்கல். ஆனால் வாய்க்கு ஒன்றும் மங்கவில்லை.

"அடியே அம்சா! கைய எடுடி! தேய்க்காத, பாவி! நாமம்டி அது! பெருமாளு நாமம் எறங்கியிருக்குது!"

அம்சவள்ளி கையை எடுத்தாள். சோப்பு தொட்டிக்குள் விழுந்தது. வெள்ளை, நடுவில் சிவப்பு, மறுபடி வெள்ளை. நாமம் என்றால் நாமம்தான்.

அடுத்த நிமிடம் தெருவே உள்ளே இருந்தது. ஒருத்தி கற்பூரம் ஏற்றினாள், ஒருத்தி துளசியைக் கிள்ளிப் போட்டாள், "கோவிந்தா கோவிந்தா" என்று கூரை எகிறியது. செல்லமுத்து ஒரு மூலையில் தூணைக் கட்டிக்கொண்டு நின்றான். முதலில் அவன் முகத்தில் கிலி. அப்புறம் மெல்ல மெல்ல ஒரு தெளிவு. ஆட்டம் தன் பக்கம் திரும்பிவிட்டது என்று அவனுக்கே புரிய ஆரம்பித்தபோது, அவனும் கையைத் தூக்கி ஒரு கோவிந்தா போட்டான். அதுதான் மற்றவர்களுடையதைவிடச் சத்தமாகக் கேட்டது. மதிலுக்கு இந்தப் பக்கம் சாலம்மாள் ஈரத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

பகலவன் மொபெட்டில் வந்து சேர்ந்தார். கூட்டம் வழிவிட்டது. துணியைத் தொடாமல், குனிந்து, பார்த்தார்.

"நல்லது. எங்கூட்டுல இத்தினி வருசம் படைச்சோம், ஒரு பொட்டுகூட எறங்கல. தம்பி குடுத்து வெச்சவன். யாரும் இதத் தண்ணியில போடாதீங்க. காய வெச்சிப் பொட்டியில வெய்யிங்க. சனிக்கெழம பங்காளிங்க அத்தினி பேரும் வருவாங்க. படையலுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் எடுத்துக் கண்ணுல ஒத்திக்கட்டும்."

செல்லமுத்துவின் முகத்தில் இருந்த தெளிவு அப்படியே வடிந்தது. கண்ணுக்குக் கீழேதான் மூக்கு இருக்கிறது என்பது அவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வியாழக்கிழமை கோழி கூவுகிற நேரத்தில் மதிலேறிக் குதித்தான். சட்டைக்குள் துணி.

"சாலக்கா, நீதான் காப்பாத்தணும்."

"யாரடா? பெருமாளயா?"

"சிரிக்காதக்கா. இதுல ஒரு மாரி வாட அடிக்கிது. அத மட்டும் எடுத்துக் குடு."

"எடுக்கலாம். இன்னா கறை?"

"சாம்பாரு."

சாலம்மாள் துணியை வெளிச்சத்தில் பிடித்தாள். பூங்கரையின் இழையில் எதுவோ மினுங்கியது. நகத்தால் கிள்ளி எடுத்து, உள்ளங்கையில் வைத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். மயிர் போல ஒரு முள்.

"சாம்பார்ல முள்ளு போடுறது எந்த ஊரு வழக்கம்? அதுவும் மலை வழக்கமா?"

செல்லமுத்து துவைக்கிற கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"கெண்ட மீனுக்கா."

"சொல்லு."

"மலையேறச் சொல்லோ கண்ண மூடிகினு போயிட்டேன்க்கா, சத்தியமா. எறங்கச் சொல்லோதான்... வண்டிக்கடையில அப்பத்தான் கொழம்பு கொதிச்சிகினு இருந்துச்சி. ஒரே ஒரு துண்டு, வாயி ருசிக்கின்னு நின்னேன். மூட்டைய தோள்லேருந்து எறக்கக் கூடாதே, அதனால தோள்ல போட்டுகினே தின்னேன். தின்னு முடிச்சி, தோள்ல தொங்கறது துண்டுன்னு நெனச்சி..." கையால் வாயைத் துடைத்துக் காட்டினான். "எப்பவும் தொடைக்கிற கை. அது பாட்டுக்குப் போயிடுச்சி."

"ஒரு துண்டா?"

அவன் தரையைப் பார்த்தான். "சட்டியில அவ்ளோதான் இருந்துச்சி."

சாலம்மாள் சிரித்து முடிக்க நேரம் பிடித்தது. சிரித்து முடித்துத் துணியை மடித்து அவன் மடியில் போட்டாள்.

"எடுத்துகினு போயிப் பொட்டியிலயே வெய்யி. நான் மதியத்துக்கு வரேன். எல்லாரும் பாக்கச் சொல்லோதான் எடுக்கணும். திருட்டுத்தனமா எடுத்தா, நாமத்த அழிச்சவன்னு ஒன்ன அடிச்சே கொன்னுடுவாங்க."

அவன் மதிலைத் தாண்டிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் முன்வாசல் கதவு தட்டப்பட்டது. அம்சவள்ளி. கையில் ஒரு கிண்ணம்.

"அக்கா, சக்கர கொஞ்சம்..."

"ஒங்கூட்டுல கரும்பே வெளையுது, எங்கிட்ட சக்கரையா? உள்ள வா. கதவ சாத்து."

அம்சவள்ளி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இன்னொரு முள். கொஞ்சம் பெரியது.

"சாமை பொடைக்கச் சொல்லோ முறத்துல கெடந்துச்சிக்கா. எனக்குத் தெரிஞ்சிப் போச்சின்னு அந்தாளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா ஒடஞ்சிப் போயி நாலு பேரு முன்னாடி ஒளறிடுவாரு. இத்தினி வருசம் தளிகைக்கி அண்ணன் வூட்டுல எலை எடுத்தவ நான். இந்த வருசந்தான்க்கா என் அடுப்புல பொங்கணும். கெடுத்துடாதக்கா. எப்டியாவது எடுத்துடு."

அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. சாலம்மாள் கிண்டலை ஒரு நிமிடம் ஓரமாக வைத்தாள்.

"சாமைய இன்னா பண்ண?"

"அத கோழிக்கிப் போட்டுட்டேன். மாதன் அண்ணனுக்குப் போனு போட்டு வேற சொல்லியிருக்கேன். பஸ்ல குடுத்துவுடுறாரு."

"கெட்டிக்காரி. ஏன்டி, புருசன் வெரதத்துல மீன் தின்னுட்டு வந்து நிக்கிறான். ஒனக்குக் கோவமே வரல?"

"வராதா பின்ன?" அம்சவள்ளி மூக்கைச் சிந்தினாள். "எனக்கு ஒரு துண்டு வாங்கியாரலியே."

அன்று மதியம் சாலம்மாள் ஒரு தட்டில் அரிசி மாவும், எலுமிச்சம்பழங்களும், பூந்திக்கொட்டை ஊறப்போட்ட தண்ணியும் எடுத்துக்கொண்டு செல்லமுத்து வீட்டுக்குப் போனாள். கூட்டம் அப்போதும் கலையவில்லை. பகலவன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நாமம் எறங்குன துணிய இப்டித்தான் பொட்டியில அடைச்சி வெப்பாங்களா?" என்று வாசலிலேயே ஆரம்பித்தாள். "பொட்டியில பூச்சிதான் இருக்கும், பெருமாளு இருப்பாரா? திருமண் சாத்தி, திருமஞ்சனம் பண்ணி, சூரியனுக்குக் காட்டணும். எங்கூட்டுக்காரரு சமைக்கப் போன எடத்துல எத்தினி பாத்திருக்கேன்."

காசிநாதன் போன இடத்தில் அவள் பார்த்ததெல்லாம் காய்கறி. அது இங்கே யாருக்கும் தெரியாது.

பழனியம்மாள்தான் குறுக்கே வந்தாள். "ஏ சாலா, நீ நில்லு. தாலியறுத்தவ கைய வெக்கக் கூடாது. யாராவது சுமங்கலியா வரட்டும்."

"ஏன், நாமம் எறங்குனத மொதல்ல பாத்தது யாரு? நீதான? ஒன் வூட்டுக்காரரு வாசல்ல கொட புடிச்சிகினா நிக்கிறாரு?"

பழனியம்மாள் புருஷனைப் பறிகொடுத்துப் பல வருடம் ஆயிற்று. வாயை மூடி மொச்சைக்குப் போனாள். யாரோ சிரித்தார்கள். பகலவன் செருமினார். "வுடுங்க. சாலம்மா செய்யட்டும்" என்றார்.

சாலம்மாள் துணியை வாசலில் விரித்துச் சிவப்புக் கோட்டின் மேலும் இரு பக்கமும் அரிசி மாவைக் கெட்டியாகப் பூசினாள். கூட்டத்துக்கு அது திருமண். துணிக்கு அது எண்ணெய் உறிஞ்சுகிற மருந்து. பொழுது சாய்கிற வரை அப்படியே விட்டாள். மாவு மெல்ல மஞ்சளித்து எண்ணெய் குடித்தது. உதறிவிட்டு, வெள்ளிக்கிழமை வெயில் ஏறும்போது பூந்திக்கொட்டைத் தண்ணியைக் குளிரக் குளிர ஊற்றித் திருமஞ்சனம் செய்தாள். மீன் பட்டதற்குச் சூடு காட்டக் கூடாது. காட்டினால் வாடை துணியோடு குடித்தனம் பண்ண ஆரம்பித்துவிடும். ஊற்றும்போதெல்லாம் கூட்டம் கோவிந்தா போட்டது. கோவிந்தாவுக்கு ஒரு கசக்கு வீதம் அவள் கசக்கினாள்.

பிறகு எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கோட்டின் மேல் பிழிந்தாள். சாறு பட்ட இடத்தில், எல்லாரும் பார்க்கப் பார்க்க, சிவப்பு மஞ்சளாக மாறிற்று.

"அய்யோ, பொன்னா மாறிட்டாரே!" பழனியம்மாள் மொச்சையைக் கொட்டிவிட்டாள்.

சோப்பில் சிவந்தது புளிப்பில் மஞ்சளாகத் திரும்பும். சாலம்மாளுக்குத் தெரியும். இந்தக் கூட்டத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் நின்றது இரண்டே பேர். ஒருவன் செல்லமுத்து, அவன் கண் நாமத்தை விட்டு நகரவில்லை. இன்னொருத்தி அம்சவள்ளி, அவள் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனோ அவளைப் பார்க்கவில்லை. நாமத்தைக் கவலையோடு பார்க்கிற பக்தி யாருக்கு வரும் என்று சாலம்மாள் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டு, ஈரத்தோடு துணியைக் கொடியில் போட்டாள். புரட்டாசி வெயில் சுள்ளென்று அடித்தது. மஞ்சளுக்கு வெயிலைப் போல எமன் கிடையாது. காயக்காய எலுமிச்சைத் தண்ணியைத் தெளித்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் கோடு இருந்த இடத்தை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை விடியலில் அதுவும் முடியவில்லை.

பங்காளிகள் வந்து குவிந்தார்கள். துணி பளீரென்று விரிந்தது.

"எங்க நாமம்?"

"போயிட்டாரு. சாமி மலையேறிட்டாரு" என்றாள் பழனியம்மாள், தானே வழியனுப்பிவிட்டு வந்தவளைப் போல. "வந்தவரு ரெண்டு நாளு இருந்துட்டு, பொன்னா மின்னிட்டு, போயிட்டாரு. தங்குவாரா பின்ன, அவருக்கு எத்தினி வூடு இருக்குது!"

ஒவ்வொருத்தராகத் துணியின் ஓரத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு மூக்கு போகும்போதும் செல்லமுத்து மனசுக்குள் ஒரு கோவிந்தா போட்டான். கடைசியில் பகலவன். எடுத்தார். ஒற்றினார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஒற்றினார். நெஞ்சு ஒரு தரம் நன்றாக விரிந்து சுருங்கியது. துணியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகம் சாந்தமாக இருந்தது.

"பங்காளிங்க கேட்டுக்குங்க. நாமம் எறங்குன வூடு இது. இனிமே தளிகை எங்கூட்டுக்கு வர வேணாம். எந்த வருசமும் இங்கதான்."

அம்சவள்ளி கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணீர் மாலைமாலையாக வந்தது. செல்லமுத்து அண்ணன் காலில் விழப் போனான். பகலவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இரு, இன்னும் முடிக்கல. நாமம் எறங்குன வூட்டுல கவிச்சி பொழங்கலாமா? கூடாது. புரட்டாசி மட்டும் இல்ல. வருசம் பூரா. இந்த அடுப்புல இனிமே கறியும் கெடையாது, மீனும் கெடையாது. இன்னா தம்பி? சம்மதமா? இல்ல, சொல்றதுக்கு எதுனா இருக்குதா?"

அத்தனை பேரும் செல்லமுத்துவைப் பார்த்தார்கள். அவன் வாய் திறந்தது. கெண்டை என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றதைச் சாலம்மாள் கண்ணால் பார்த்தாள். சொன்னால் மீன் உண்டு, தளிகை இல்லை. சொல்லாவிட்டால் தளிகை உண்டு. அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் பொங்கல் பானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சம்மதம்ணா" என்றான் செல்லமுத்து. கல்லறைக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது குரல்.

"கோவிந்தா!" என்றார் பகலவன். கூரை மறுபடி எகிறியது.

சாப்பிட்டுக் கை கழுவ வந்தவர், தொட்டியடியில் நின்ற சாலம்மாளின் பக்கம் லேசாகச் சாய்ந்தார்.

"எலுமிச்சம்பழம் கொஞ்சம் கம்மியாப் போச்சி சாலம்மா."

"எதுக்கு? சோத்துக்கா?"

"நாமத்துக்கு" என்றுவிட்டு மொபெட்டை உதைத்தார்.

புரட்டாசி போயிற்று. ஐப்பசி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை. ஊரில் எல்லா அடுப்பிலும் கறி கொதித்தது, ஒரு அடுப்பைத் தவிர. சாலம்மாளின் அடுப்பில் கெண்டைக் குழம்பு. மீனை வாங்கி வந்தவன் மதிலேறிக் குதித்துத்தான் வந்தான். இலை போட்டு உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் வைக்கும்போது முன்வாசல் தட்டப்பட்டது.

"அக்கா, சக்கர கொஞ்சம்..."

செல்லமுத்து இலையோடு எழுந்து ஓட இடம் தேடினான். சாலம்மாள் கதவை விரியத் திறந்துவிட்டாள். வாசலில் அம்சவள்ளி. கையில் கிண்ணம் இல்லை, பெரிய தூக்குவாளி.

செல்லமுத்து தூக்குவாளியைப் பார்த்தான். அடுப்பில் குழம்பு கொதித்தது.

"நீயா?" என்றான் செல்லமுத்து.

"நான் இன்னா, முள்ளு பாத்த அன்னிக்கே..." என்று ஆரம்பித்த அம்சவள்ளி, அவன் இலையைப் பார்த்தாள். "யோவ், நடுத்துண்டு எனக்கு வெய்யி."

"ஒக்காரு, ஒக்காரு" என்றாள் சாலம்மாள். "எடுத்துகினு போற வேல வேணாம். அந்த வூட்டு அடுப்புலதான ஆவாதுன்னாரு? இது எங்கூட்டு அடுப்பு."

இன்னொரு இலை விழுந்தது. பிறகு அவள் உள்ளே போய் ஒரு துண்டை எடுத்துவந்து இருவருக்கும் நடுவில் வீசினாள். காசிநாதன் சமையலுக்குக் கட்டிய பழைய துண்டு. பல வருடக் குழம்பில் ஊறிக் குழம்பு நிறத்துக்கே வந்துவிட்டது. அதை மட்டும் அவள் வெளுக்க முயன்றதில்லை. எதற்காவது ஆகும் என்று வைத்திருந்தாள்.

"வாயத் தொடைக்கிறதுக்கு இது. தோள்ல கெடக்கறதுல யாராவது கைய வெச்சீங்க, அடுத்த நாமத்த நானே ஒங்க நெத்தியில இழுத்துவுடுவேன்."